கேரவனில் வந்த அம்மா

என் தம்பி சினிமாவுக்குக் கேரவன் ஓட்டுகிறவன். நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளவும், ஷாட்டுக்கு நடுவே கொஞ்சம் சாய்ந்துகொள்ளவும் படப்பிடிப்பில் ஓர் ஓரமாக நிற்குமே, அந்த ஏசி வண்டி. வண்டி அவனுடையது அல்ல, முதலாளியுடையது. ஆனால் அவன் பேச்சைக் கேட்கிறவர்கள் அது அவனுக்குச் சீதனமாக வந்தது என்றே நினைத்துக்கொள்வார்கள். எந்த நடிகை எத்தனை இட்லி சாப்பிட்டார் என்பதுதான் எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. நான் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் வேலையைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அந்த வண்டியைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தது அம்மாவுக்காக. அம்மா படாளத்தில் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். குடலில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் மலம் இனி வழக்கமான வழியில் போகாது என்று ஆகிவிட்டது. வயிற்றின் இடது பக்கம் சின்னதாக ஒரு வழி வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். நிறைந்தால் அம்மாவே காலி செய்துகொள்வாள். அதெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. பழகாதது சத்தம்தான். காற்றுப் பிரியும்போது பைக்குள்ளிருந்து சத்தம் வரும். நாமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிக்கொள்கிறோமே, அந்த வசதி அங்கே கிடையாது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் சர்ச்சுக்குப் போனாள். மௌன ஜெபம் வந்தால் எங்கள் சர்ச்சில் கடகடவென்று ஓடுகிற பழைய ஸ்டாண்ட் பேனைக்கூட நிறுத்திவிடுவார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பை சத்தம் போட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அன்றோடு சர்ச் நின்றது. கல்யாணம், ஞானஸ்நானம், துக்க வீடு எல்லாம் நின்றது. கூடப் பிறந்த தங்கை, எங்கள் சித்தி, அவளுக்குக்கூடப் பையைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சித்தி கேட்டால் முட்டி வலி என்போம். நான் கெஞ்சினேன், கத்தினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து பேசிச் சிரிப்பதற்கென்றே பிறந்தவள் ஜன்னலைக்கூடச் சாத்திவைத்துக்கொண்டு கிடந்தாள். இப்படியே முடங்கிப்போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தம்பிக்கு எப்போதாவது மூளை வேலை செய்யும். அப்போது செய்தது. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வண்டி சும்மா நிற்பதைப் பார்த்து, முதலாளியிடம் அம்மாவின் நிலைமையைச் சொல்லியிருக்கிறான். டீசலை மட்டும் போட்டுக்கொண்டு எடுத்துப் போ என்றாராம். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

உள்ளேயே பாத்ரூம், சோபா, சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி. யார் கண்ணிலும் படாமல் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தம்பி ஆசை காட்டினான். அம்மா மசிந்தாள். "எறங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். அது ஒரு சனிக்கிழமை. செங்கல்பட்டு தாண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் வரைக்கும் ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் புளிச்சோறும் வறுத்த கருவாடும் கட்டி எடுத்து வந்திருந்தேன். ஏசிக்குள் கருவாட்டு வாசனை போனால் இனி எந்த நடிகையும் இதில் கால் வைக்கமாட்டாள் என்று புலம்பிக்கொண்டே தம்பி ஓட்டினான்.

ஊருக்குள் வண்டி நிறுத்த இடமில்லை. கொஞ்சம் தெற்கே தள்ளி, ஒரு மீனவக் குப்பத்தை ஒட்டிச் சவுக்குத் தோப்போரம் நிறுத்தி ஜெனரேட்டரைப் போட்டான். ஒன்றை நாங்கள் யோசிக்கவே இல்லை. அந்தக் கரையில் அடிக்கடி படப்பிடிப்பு நடக்கும். கேரவன் வந்து நின்றால் உள்ளே ஒரு நடிகை இருந்தே ஆகவேண்டும்.

முதலில் வலை பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு பிள்ளைகள். பிறகு கைக்குழந்தையோடு பெண்கள். தம்பி இறங்கிப் போய், உள்ளே இருப்பது எங்கள் அம்மா என்று உள்ளதைச் சொன்னான். எல்லா டிரைவரும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது, கூட்டம் இரண்டு மடங்கானது. திரை லேசாக அசைந்ததும் விசில் பறந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கதவைத் திறந்து நாலு வார்த்தை கேட்டேன். "மேடம் எப்ப எறங்குவாங்கன்னு மட்டும் சொல்லுக்கா" என்றாள் ஒரு பெண். என்னை மேக்கப் போடுகிறவள் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். கடலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வண்டியை எடு என்று தம்பியிடம் சொன்னேன். அவன் ஜெனரேட்டரை அணைத்தான்.

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் புள்ள எவ்ளோ நேரமா வெயில்ல நின்னுகினு கீது?" என்று கேட்டாள். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் காக்கவைத்தால் அவளுக்குப் பொறுக்காது. எழுந்து பாத்ரூமுக்குள் போனாள். வெளியே வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறக்கச் சொன்னாள்.

அம்மா படியில் கால் வைத்ததும் கூட்டம் கப்சிப் என்று ஆனது. அந்த அமைதிக்குள்தான் பை சத்தம் போட்டது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். போச்சு, இனி இவள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டமாட்டாள் என்று நினைத்தேன். அம்மா கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே திரும்பி வரவில்லை.

"நடிகை யாரும் இல்லம்மா, நான்தான் வந்துகிறேன். வயித்துல ஆபரேஷன் பண்ணி பை மாட்டிகினு கீறேன், அதான் சத்தம். புள்ளைங்கள வெயில்ல நிக்க வெக்காம வூட்டுக்கு இட்டுனு போங்க."

சொந்தத் தங்கைக்குச் சொல்லாததை ஒரு குப்பத்துக்கே சொல்லிவிட்டாள். யாரும் நகரவில்லை. மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"அதுக்கு இன்னாத்துக்கு உள்ளயே குந்திகினு கீற? கடலாண்ட வந்துட்டு கால நனைக்காம போவியா? வாக்கா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேனா என்பதுகூட நினைவில்லை. அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து மணலில் நடத்திக்கொண்டு போனாள். முழங்கால் வரைக்கும் அலை வந்து அடித்தது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பக்கத்தில் போனபோது, "இங்க சத்தம் போட்டா எனக்கே கேக்கல பாப்பா" என்றாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அந்தப் பெண்ணின் பேர்கூடக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அவள் கைக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

பிறகு நடந்ததுதான் தம்பிக்குச் சோதனை. கேரவனை உள்ளே பார்க்கவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அம்மா பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து உள்ளே அனுப்பினாள். ஒவ்வொன்றும் பல்புக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மூஞ்சியைக் கோணிப் பார்த்துவிட்டு இறங்கியது. சோபா முழுக்க மணல். புளிச்சோறும் கருவாடும் அவர்களோடு பகிர்ந்து தின்றோம். எங்கள் கருவாடு சுத்த மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்லி, வேறு கருவாடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த வாசனையோடுதான் படாளம் வந்து சேர்ந்தோம்.

வந்ததும் வராததுமாக, காலையில் சர்ச்சுக்குப் போகணும், வெள்ளைப் புடவையை அயர்ன் பண்ணு என்றாள் அம்மா. நான் அயர்ன் பாக்ஸைத் தேடி எடுத்தேன்.

எப்போதும் உட்காருகிற முன்வரிசைக்கு அவள் போகவில்லை. அந்தப் பழைய பேனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அக்காவைப் பார்த்த சந்தோஷத்தில் சித்தி ஓடிவந்து ஒட்டி உட்கார்ந்து, முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். மௌன ஜெபம் வந்தது. வழக்கம்போல ஒருவர் பேனை நிறுத்த வந்தார்.

"அது ஓடட்டும்பா," என்றாள் அம்மா. "எனக்கு முட்டில ஒண்ணும் இல்ல. வயித்துல பை வச்சிகிறாங்க, சத்தம் போடும்."

சித்தி திரும்பி அம்மாவையே பார்த்தாள். எழுந்து போய்ப் பேனை இன்னும் வேகமாக வைத்துவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.