நாகாவுக்குப் பால் வச்சாங்களா?

எபிசோட் இன்னும் பார்க்காதவங்க இப்பவே ஓடிடுங்க.

காலையில ஃபேக்டரி பஸ்ல நம்ம டிராகன் சீரிஸ் பார்த்துட்டு வந்தேன். மலாய் சப்டைட்டில்.

பக்கத்து சீட்டு லெட்சுமிக்கா, ரெங்கம் ஊர்க்காரங்க, என் போனை எட்டிப் பார்த்தாங்க. கீழ 'நாகா'ன்னு எழுத்து ஓடுது. உடனே செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாங்க.

"அக்கா, மலாய்ல நாகான்னா டிராகன் லா. நம்ம பாம்பு இல்ல."

"எனக்குத் தெரியாதா? ஆனா பேரு நாகம்தானே?"

அந்த நேரம் பார்த்து டிராகன், தன்னை வளர்த்த ராணியோட கோட்டையையே எரிச்சிடுச்சு. அலமாக்! பஸ்ஸுன்னு மறந்து கத்திட்டேன்.

அக்கா அசரவே இல்ல. "பால், முட்டை ஏதாச்சும் வச்சாங்களா?"

"இல்லக்கா. குகையில சங்கிலி போட்டுக் கட்டியிருந்தாங்க. சண்டை வந்தா மட்டும் வெளிய விடுவாங்க."

அக்கா செருப்பை மாட்டிக்கிட்டாங்க. ஃபேக்டரி வாசல்ல வரிசையில நின்னு கார்டு தட்டும்போதுதான் திரும்பிக் கேட்டாங்க:

"ஒரு நாள் லீவு கூட குடுக்கலையா?"

நேத்து வரைக்கும் நான் ராணி கட்சி. ராணி பக்கம் இன்னும் யாராச்சும் இருந்தா, அக்காவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு சொல்லுங்க. பத்து மணி பிரேக்ல கேப்பாங்க.