ராகுகாலத்துக்கு முன் ஆறாத குழாய்

பாண்டியம்மாளின் வயல் குழாய் என் வாய் பட்டு உடைந்ததாகத் திருச்சுழிப் பக்கம் பேசுகிறார்களாம். தவறு. பாலித்தீன் குழாய் யார் வாய் பட்டும் உடையாது.

பாண்டியம்மாள் மறைந்த என் கணவரின் தங்கை. புது போர்வெல்லிலிருந்து மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் நானும் நிற்க வேண்டும் என்று அழைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். காரியாபட்டி தாண்டுமுன்பே இடப்பக்கம் வெயில் சுடும், வலப்பக்கம் உட்காருங்கள். அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, திருச்சுழியிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

அவள் மகன் செல்வம், வாடகைக்கு எடுத்த சூட்டுத்தகட்டில் குழாய் முனைகளை உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தான். கடைசி ஒட்டு முடியும்போது மணி பத்தே கால். பத்தரைக்கு ராகுகாலம். பாண்டியம்மாள் குடத்தில் தண்ணீரோடு வந்தாள்.

“ஊத்தாதே. தானா ஆறட்டும்.”

“அதுக்குள்ள ராகுகாலம் வந்துரும் மதினி.”

கான்வென்ட்டில் வேதியியல் நடத்தியவள் நான்; விளக்கினேன். பாலித்தீன் நீளமான சங்கிலிகளால் ஆனது. உருகும்போது அவை சிக்கிக் கிடக்கும். மெதுவாக ஆறினால் நெருக்கமாக மடிந்து படிகமாகும். படிகம் கூடினால் அதே இடத்தில் அதிகப் பொருள் அடங்கும். அடர்த்தியும் விறைப்பும் கூடும். கிளைவிட்ட சங்கிலிகள் அப்படி நெருங்காது. அதனால்தான் பால் பாக்கெட் துவள்கிறது, குழாய் விறைப்பாக நிற்கிறது. சூட்டில் தண்ணீர் ஊற்றினால் மேல்தோல் ஒழுங்காகப் படியுமுன்பே இறுகிவிடும். உள்பகுதி பிறகு சுருங்கி அதை இழுக்கும்.

செல்வம் சிரித்தான். “அத்தே, இது கொழாயா, கான்வென்ட்டு பரீட்சையா?”

“மொதத் தண்ணிய ராகுகாலத்துலயா விடச் சொல்றீக? செடி வெளங்குமா?” என்று பாண்டியம்மாள் குடத்தைக் கவிழ்த்தாள்.

“அப்ப கொழாய் வெளங்காது” என்றேன். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

இரண்டாம் நாள் செல்வம் போன் செய்தான். “கடைசி ஒட்டு வாயப் பொளந்துருச்சு அத்தே.” தகட்டை அருப்புக்கோட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அது மறுபடி கிடைப்பதற்குள் நாற்றில் பாதி கருகிவிட்டது.

விளக்கம் சரிதான். “கொழாய் வெளங்காது” என்ற அந்தக் கடைசி வாக்கியம் அவள் வயலில், அவள் நல்ல நாளில் சொல்லக்கூடாதது. அவள் அண்ணன் இருந்திருந்தால், “விடியக் காலையிலேயே ஒட்டிருங்க” என்று முந்தைய நாளே சொல்லி முடித்திருப்பார். எனக்கு அது தோன்றவில்லை.

குழாய் ஒட்டுகிறவர்கள் வெள்ளிக்கிழமை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். ஒட்டு ஆறவும் நேரம் இருக்கும், ராகுகாலமும் குறுக்கே வராது.

செல்வம், இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. பாண்டியம்மா, மறு நாற்று நடும்போது நான் வரலாமா? போனில் வேண்டாம். எழுதி அனுப்பு.