ராகு காலத்துக்குள் ஒரு ஹெட்டர்

டீசல் வண்டிக்குக் குழாய் வளைத்துப் பற்றவைக்கும் தொழிலில், நெருப்பைவிட அதிகம் சுடுவது பக்கத்தில் நின்று "ஆச்சா?" என்று கேட்கும் வாய்தான். கடை வைத்து வாடிக்கையாளர் முகத்தில் விழித்த உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்து ஓரத்தில் ரஹீம் பாயின் வெல்டிங் பட்டறை. அங்கே பாய்க்கு அடுத்த ஆள் நான். மொத்தமே இரண்டு ஆள்தான்.

புகை முன்னே, வண்டி பின்னே

தென்னேரி குமரேசண்ணன் பிக்கப்பில் வந்தார். முதலில் புகை வந்தது, பிறகு வண்டி வந்தது. ஊர் நெல் மூட்டைகளை வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு ஏற்றும் வண்டி. இன்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் இரும்பு பாகம் விரிசல் விட்டு, புகை டர்போவுக்குப் போகாமல் அவர் மூக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. புகையின் வேகத்தில்தான் டர்போ சுற்றும். அது சுற்றாவிட்டால் வண்டிக்கு இழுவை இல்லை. ஏரிக்கரை மேட்டில் லோடோடு நின்றுவிட்டதாம். திங்கட்கிழமை காலை முழு லோடு வராவிட்டால் சவாரி குமரேசண்ணனின் மச்சானுக்கு என்று மில்காரர் சொல்லிவிட்டார். கம்பெனி பாகம் வர நாளாகும். அதனால் நாங்களே ஸ்டீல் குழாயில் புதிதாக ஒன்று செய்யவேண்டும். அதைத்தான் ஹெட்டர் என்பார்கள்.

எல்லாக் கஷ்டத்தையும் சொல்லி முடித்து, போனை நீட்டினார். அதில் எந்த ஊர் வண்டியோ உறுமிக்கொண்டிருந்தது. "மேடு ஏறணும் தம்பி, அதான் முக்கியம். ஆனா மச்சான் வூட்டாண்ட போறப்ப மட்டும் இந்த மாதிரி கேக்கணும்."

அளவு எடுத்தது

இதற்கெல்லாம் வரைபடம் கிடையாது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் முட்டிகளை வாங்கி, வெட்டி, ஒட்டி, நாலு குழாய் ஒன்றாகச் சேர்வதுபோல் இன்ஜினிலேயே வைத்துப் பார்ப்போம். எதிலும் இடிக்கவில்லை என்றால் அதே அளவில் ஸ்டீலை வெட்டுவோம். டீ குடித்துவிட்டு வந்த குமரேசண்ணன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று குழாய்கள். "இன்னா தம்பி, இன்ஜினுக்கு பாத்ரூம் கட்டுறியா?"

பத்தரை மணி

ஹெட்டர் இன்ஜினோடு ஒட்டும் இடத்தில் ஒரு தட்டைப் பிளேட் உண்டு. வெல்டிங் சூட்டில் அது அப்பளம்போல் வளையும். அதனால் இன்ஜினின் மேல்பாகமான பழைய ஹெட் ஒன்றில் அதை போல்ட் போட்டு இறுக்கி, அப்படியே பற்றவைத்து, முழுக்க ஆறும்வரை கழற்றக் கூடாது. சாயங்காலம்தான் கழற்றலாம் என்றார் பாய். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் மாட்டியே ஆகவேண்டும் என்று குமரேசண்ணன் பிடித்த பிடியில் பாய் கடைசியில், "உன் வண்டி, உன் ராகு" என்று ஸ்பானரை எடுத்துவிட்டார். "பிளேட் கோணிக்கும்ணே" என்று நான் சொன்னேன். என் குரல் சில சமயம் எனக்கே கேட்காது.

கொதிக்கக் கொதிக்கக் கழற்றி மாட்டினோம். அண்ணன் புது ஹெட்டருக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சாவியைத் திருப்பினார். சந்தனம் வறுபட்டது. "பாத்தியா, நேரம் பாத்து மாட்னா எப்படி வாசனையா இருக்குது."

விசில்

வாசனையோடு ஒரு விசிலும் வந்தது. கோணிய பிளேட்டின் இடுக்கு வழியாகப் புகை ஒழுகும் சத்தம். அது டர்போவின் சத்தம் என்று முடிவு செய்துவிட்ட குமரேசண்ணன், கண்ணை மூடி கச்சேரி கேட்பதுபோல் கேட்டார். திரும்பத் திரும்ப ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பக்கத்து வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்த சரோஜா அக்கா நெய்வதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தது. "குக்கர் எவ்ளோ நேரமா கத்திக்கினு இருக்குது, யாராவது எறக்குங்கப்பா."

ஏரிக்கரை மேடு

சனிக்கிழமை மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். நானும் கேபினில் இருந்தேன். பாதி மேட்டில் விசில் மட்டும் மேலே போனது, நாங்கள் நின்றுவிட்டோம். பின்னால் வந்த பிக்கப் ஒதுங்கி நின்றது. யார் என்று சொல்லவும் வேண்டுமா? மச்சான் இறங்கி வந்து டயருக்குக் கல் வைத்தார். உதவி செய்கிறவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "விடு மாமா, சவுண்டு போய்ச் சேந்துடுச்சு இல்ல, வண்டி மெதுவா வரட்டும்."

மறுபடியும் ராகு

ஞாயிற்றுக்கிழமை அதே பிளேட்டைப் பழைய ஹெட்டில் இறுக்கி, சூடேற்றி, ஆறவிட்டு, ஆறிய பிறகு இன்ஜினோடு ஒட்டும் பக்கத்தைச் சமமாகத் தேய்த்தோம். அடுப்பில் பால் வைத்தவர்போல் அண்ணன் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்தபோது மணி நாலரை. பாய் சிரிக்காமல், "குமரேசா, ராகு காலம் பொறந்துடுச்சு, ஆறு மணிக்கு மேல மாட்டலாமா?" என்றார். அண்ணன் ஸ்பானரை அவரே எடுத்து நீட்டினார். "ராகுவா வந்து மூட்டை தூக்கப் போறாரு? மாட்டு பாய்."

திங்கட்கிழமை

வண்டி மேடு ஏறியது. லோடு நேரத்துக்கு மில்லில் இறங்கியது. சவாரி அவரிடமே இருக்கிறது. மதியம் பிக்கப் பட்டறை வாசலில் வந்து நின்றது. நன்றி சொல்லத்தான் என்று நினைத்து நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அண்ணன் ஜன்னலில் சாய்ந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. வெள்ளிக்கிழமை ஒரு விசில் வந்துச்சே, அதை மட்டும் திரும்ப வெச்சுக் குடு."

கோணலாகச் செய்தால் கச்சேரி, நேராகச் செய்தால் புகார் என்று இருக்கிற தொழில் உங்களுடையதும்தான் என்றால் சொல்லுங்கள், ஒரு சங்கம் வைத்துவிடலாம், நல்ல நேரம் மட்டும் யாரும் பார்க்கக் கூடாது.