சர்வேயர் வீட்டு மதில்

ஊரில் பாதிப் பேருக்கு வீட்டு எல்லையை அளந்து கொடுத்தவர் அந்தச் சர்வேயர். முப்பது வருட வேலை. அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் டேப்பை விரித்து, "இதான் எல்லை" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்தப் பெருமையில் நடையே கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும்.

புறநகரில் சொந்த வீடு கட்டியபோது மட்டும் அவர் டேப்பைத் தொடவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தை அளந்து அலுத்து வந்த ஒரு மாலையில், "என் கண்ணு போதும்பா, இங்க கட்டு" என்று கொத்தனாருக்குக் காலால் ஒரு கோடு கிழித்துக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மதில் எழுந்து இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

பக்கத்து மனையில் இருந்த தையல்காரம்மா, மதிலை ஒட்டி மூன்று மெஷின் போட ஓர் அறை கட்ட நினைத்தார். "பக்கத்துலயே நீங்க இருக்கீங்க சார், ஒரு தடவ அளந்து குடுங்களேன்."

சர்வேயர் அளந்தார். தையல்காரம்மாவின் மனையில் ஒன்றரை அடி குறைந்தது. மறுபடி அளந்தார். அப்போதும் குறைந்தது. காணாமல் போன ஒன்றரை அடி, அவருடைய மதிலுக்கு இந்தப் பக்கம், அவருடைய துவைக்கிற கல்லுக்கு அடியில் சொகுசாகப் படுத்திருந்தது.

"டேப்புல ஏதோ கோளாறு," என்று முணுமுணுத்தார்.

மறுமுனையைப் பிடித்திருந்த மனைவி, "டேப்பு நல்லாத்தாங்க இருக்கு," என்றாள். சொல்லிவிட்டுத் துவைக்கிற கல்லைப் பார்த்தாள்.

"வெயில்ல இரும்பு நீளும்மா. நாளைக்குப் பாக்கலாம்," என்று தையல்காரம்மாவிடம் அசடு வழிந்தார்.

"அவ்வளவா நீளும்? அப்ப என் துணி டேப்புலயே பாத்துருவோம்." அந்த அம்மாள் கழுத்தில் கிடந்ததை உருவி, மண்டிபோட்டு, சாக்பீஸால் குறித்துக் குறித்து அளந்தார். அதே ஒன்றரை அடி.

சர்வேயர் தன் டேப்பைச் சுருட்டினார். "தப்பு என்னுதுதாம்மா," என்றார் கடைசியில்.

"நீங்க ரெண்டாவது தடவ அளக்கும்போதே தெரிஞ்சுபோச்சு சார். நானும் துணியக் கொறைச்சு வெட்டிட்டா இப்படித்தான் திரும்பத் திரும்ப அளப்பேன். விடுங்க, அறையைச் சின்னதா கட்டிக்கிறேன்."

அவரால் விட முடியவில்லை. அரை அடிக்காகத் தன் வாயால் இடிக்கச் சொன்ன மதில்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த மதில்காரர்களில் ஒருவர், "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்" என்று கெஞ்சியதும், தான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "டேப்புக்குக் கண்ணு கிடையாது" என்று பெரிய மனிதராகப் பதில் சொன்னதும் வந்தன. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை மதிலை இடிக்க ஆள் வந்தது. தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. சிலர் நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

புது மதில் எழுந்தபின் பக்கவாட்டுச் சந்தில் அவர் ஒருக்களித்துத்தான் போக முடிகிறது. வயிறு மட்டும் மதிலை உரசிக்கொண்டு வரும். கேஸ் சிலிண்டர் நடுக்கூடத்தின் வழியாக உருண்டு வருகிறது. இப்போதெல்லாம் எங்கே அளக்கப் போனாலும் முதலில் இந்தக் கதையைத் தானே சொல்லிவிடுகிறார்.

"எதுக்கு சார் நீங்களே சொல்லிக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் சொல்லலைன்னா என் வீட்டுக்காரி சொல்லுவா. அவ கணக்குல அது மூணடி."