பட்டியலில் இல்லாத ஆயா

எமர்ஜென்சிக்கு முந்தைய வருடம் ராயபுரத்தில் நடந்தது இது. வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே தெளிவாக இருக்கும்.

1. நர்சிங் முடித்ததும் ஒரு தர்ம ஸ்தாபனத்தில் வேலை கிடைத்தது. படுக்கையில் விழுந்த முதியவர்களை வீட்டிலேயே கவனிக்க ஆயாக்களை ஏற்பாடு செய்யும் ஸ்தாபனம்.

2. ஆயாக்களை ஒப்பந்தத்தில் அனுப்புபவர் ஒரு மேஸ்திரியம்மா. எங்களிடம் மூன்று வாரம் பயிற்சி பெற்று, பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டுமே அவர் அனுப்பலாம். அதைக் கண்காணிப்பது என் பொறுப்பு.

3. ஒரு வீட்டில் பட்டியலில் இல்லாத பெண்ணைக் கண்டுபிடித்து நிறுத்தினேன்.

4. பத்தாவது நாள் அந்த வீட்டுப் பெரியவருக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டது.

பெரியவர் ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதத்தில் பேச்சு போய், இடது கை மட்டும் அசையும். மகனுக்குக் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை என்பதால், பகல் முழுவதும் ஆயாதான். இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, அட்டையில் டிக் போட வேண்டும்.

எனக்குச் சந்தேகம் வந்ததே அந்த அட்டையால்தான். ஒரு வாரத்து டிக்கெல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு. போதாததற்கு, அவர் முதுகுக்குப் போட ஒரு மாதம் வரவேண்டிய பவுடர் டப்பா பத்து நாளில் காலி. திருடுகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் சொல்லாமல் போய் நின்றேன். பட்டியலில் இருந்த ஆயாவைக் காணோம்; உள்ளே இருந்தவள் நான் பார்த்தேயிராதவள்.

"நான் அவ நாத்தனாரு, சிஸ்டர். அவ மீன் கம்பெனிக்குப் போறா. மூணு மாசமா நான்தான் வந்துகினு கீறேன்."

"அப்போ டிக் யார் போடுவது?"

"அவதான், சனிக்கெழம வந்து போட்டுட்டுப் போவா. எனக்கு மணி பாக்கத் தெரியாது."

மணி தெரியாதவள் எங்கே புரட்டியிருக்கப் போகிறாள்! அவர் முதுகைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அதிர்ஷ்டம் என்று குறித்துக்கொண்டேன். அவளை வெளியே போகச் சொன்னபோது பெரியவர் இடது கையால் கட்டிலைத் தட்டினார். "பார், அவரே புகார் சொல்கிறார்" என்றேன்.

மேஸ்திரியம்மாவிடம் போய்ச் சண்டை போட்டபோது அவர் சிரித்தார். "ஆர்பர்ல ஒருத்தன் வரலேன்னா பத்லி ஆள் போவல? வேல நின்னுச்சா? சொம்மா இன்னாத்துக்கு பேஜார் பண்றே?"

நான் மசியவில்லை. பட்டியலில் இருந்த ஆயாவே திரும்பி வந்தாள். அடுத்த வாரம் அட்டையில் நேரத்துக்கு நேரம் டிக். பவுடர் டப்பா நிறைய அப்படியே இருந்தது. 'சிக்கனம்' என்று எழுதினேன். முதுகைப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் மகன் ஓடிவந்தார். "சிஸ்டர், நைனா முதுகுல இன்னாவோ கலீஜா கீது."

இடுப்புக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்து, சிவந்து கசிந்துகொண்டிருந்தது. ஆயாவைக் கேட்டால், "மணி அடிச்சா டிக் போட்டேனே சிஸ்டர். ஒத்த ஆளா எப்டிப் பொரட்றது? இன்னா கனம் கீறாரு!" என்கிறாள்.

அன்று மாலையே அந்த நாத்தனாரைத் தேடித் திருவொற்றியூருக்குப் போனேன். அவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மில்லு சங்கு, மாதா கோயில் மணி, மசூதி பாங்கு, அப்பால மறுபடி சங்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தபா பொரட்டுவேன். பழைய வேட்டிய அடியில போட்டு, வலை இழுக்கிற மாதிரி இழுத்தா தன்னால பொரள்வாரு. பவுடர் போடாம இழுத்தா தோலு வழுக்குமா? நீ படிச்சவதானே, எப்டிப் பாத்துக்கினேன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

நான் கேட்கவில்லை. கண்ணெதிரே சுத்தமான முதுகு இருந்தும், அதை நம்பாமல் என் சந்தேகத்தைத்தான் நம்பினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பெரியவருக்காக மட்டும் என்று சொல்லி வந்தாள். அவளைப் பார்த்ததும் பெரியவர் கட்டிலைத் தட்டிய தட்டில்தான், அன்று அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அவள் மூன்று வாரப் பயிற்சியை முடித்தாள். அவள் பெயரும் பட்டியலில் ஏறியது. சந்தேகப்படுவதை நான் விடவில்லை, என்னையும் அதில் சேர்த்துக்கொண்டேன். புண் இருந்த இடத்தில் பெரியவருக்குத் தோல் அதன் பிறகும் கறுத்துத்தான் இருந்தது. வாரா வாரம் அதைப் பார்த்த பிறகே அட்டையைக் கையில் எடுத்தேன்.