குளிருக்கு அனுப்பிய ஈக்கள்

ஊரே அடித்து விரட்டும் பூச்சிக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு கிண்டிப் போடுவதுதான் என் தொழில். பரீட்சைகளை எல்லாம் ஒழுங்காகப் பாஸ் பண்ணினால் கடைசியில் இப்படி வந்து நிற்க வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆய்வுகூடங்களில் அல்லற்படும் சக பாவிகளே, உங்களுக்காவது என் மேல் இரக்கம் வரட்டும்.

டாக்டர் வந்திருக்கிறார்

லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மகள் டாக்டராகப் போகிறாள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எந்த டாக்டர் என்பதை மட்டும் சொல்லவில்லை. திருவிழாவுக்குப் போனபோது பக்கத்து லயத்து வீட்டுச் செல்வி அக்கா முழங்கால் வலியோடு வந்து என் எதிரே உட்கார்ந்துவிட்டார்.

நான் பழ ஈக்களைப் பற்றிப் படிப்பவள் என்று விளக்கினேன். உடம்பில் மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் சிலதைச் சும்மா இருக்கச் சொல்லி அடக்கி வைக்கக் குட்டிக் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன, சூடு குளிர் மாறினால் எது அடங்குகிறது, எது அடங்காமல் போகிறது என்பதும் மாறுகிறது, அதைத்தான் ஈயில் பார்க்கிறேன் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எல்லாஞ் சரி புள்ள. ஈக்கு மூட்டுவலி வந்தா என்ன குடுப்ப? அதையே எனக்கும் எழுதிக் குடு."

பெட்டி படுத்தது

ஒரே வகை ஈக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சூட்டிலும் மறு பாதியைக் குளிரிலும் வளர்க்க வேண்டும். பிறகு இரண்டின் குட்டி ஆர்.என்.ஏ.க்களையும் ஒப்பிட வேண்டும். அதற்கான சூட்டுப் பெட்டி நன்றாகத்தான் இருந்தது. குளிர்ப் பெட்டி மின்வெட்டில் மாட்டிப் படுத்துவிட்டது. எனக்கோ அவகாசம் முடியப் போகிறது. இந்த ஈக்கள் தேறாவிட்டால் உதவித்தொகை நிற்கும், பட்டமும் கைநழுவிப் போகும்.

ஆய்வுகூடம் இருக்கும் பதுளையில் சூடுமில்லை, குளிருமில்லை. ஆனால் மேலே ஏறினால் பண்டாரவளை இருக்கிறதே! அங்கே சின்னம்மா வீட்டில் ஈக்களை வைத்து, கூடவே சூட்டைத் தானாகப் பதியும் வெப்பமானியையும் வைத்தால் தீர்ந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் ஓடினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, பெட்டி பழுதெண்டா ஆக்கள் பெட்டியைத் திருத்துவினம். நீர் ஒரு ஊரையே பெட்டியாக்கப் பாக்கிறீர். சரி, கொண்டுபோம்."

பஸ்ஸில்

ஈக்களின் சாப்பாடு சோள மாவு, சீனி, ஈஸ்ட் எல்லாம் போட்டுக் கிண்டியது. வெயிலில் அது புளித்தால் வரும் வாசம், களவாய்க் கசிப்புச் சாராயம் காய்ச்சும் இடத்து வாசமேதான். பண்டாரவளை பஸ்ஸில் ஈக்கள் இருந்த அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் மோப்பம் பிடித்து, முன்னால் பார்த்து, பின்னால் பார்த்து, கடைசியில் என் மடியில் கண் வைத்தார்.

"கசிப்பா?" என்றார் மெதுவாக. "இல்லைங்க, ஈ" என்று துணியை விலக்கி, பஞ்சு அடைத்த குழாய்களைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. "கசிப்புன்னு சொல்லியிருந்தாக்கூட ஒரு மரியாதையா இருந்திருக்கும் தங்கச்சி."

சின்னம்மா வீட்டில்

கொசு விரட்டும் நுளம்புத்திரி கொளுத்தக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது, பஞ்சைத் திறக்கக் கூடாது என்று சின்னம்மாவுக்கு நான் போட்ட கட்டளைகள் கொஞ்சமல்ல. எல்லாவற்றையும் குளிருக்கு இரண்டு ஜம்பர் போட்டும் நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரி புள்ள" என்றார்.

மறுமுறை போனபோது குழாய்களில் புது ஈக்கள் மொய்த்தன. சந்தோஷத்தில் துள்ளினேன். துள்ளி முடித்த பிறகுதான் உறைத்தது: குளிரில் ஈ மெதுவாகத்தான் வளரும், இவ்வளவு சீக்கிரம் வரவே கூடாது. பெட்டி நான் வைத்த ஜன்னலோரத்தில் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில், பழைய கம்பளி ஒன்றுக்குள் பத்திரமாக இருந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் சின்னம்மாவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் எப்படிக் கோபப்படுவது? "அசையாம ஒடுங்கிக் கெடந்துச்சு புள்ள. வாயில்லா உசுரு, குளிருதுன்னு யார்கிட்ட சொல்லும்? இப்ப பாரு, எப்புடித் தேறியிருக்குன்னு!"

விசாரணை

வெப்பமானி பதிந்த கோடு, சமைக்கும் நேரமெல்லாம் மேலே ஏறி, அடுப்பு அணைந்ததும் கீழே விழுந்திருந்தது. சூட்டு ஈயும் இல்லை, குளிர் ஈயும் இல்லை, எந்தக் கணக்கிலும் சேராத ஈக்கள். என் படிப்பு இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டே மேற்பார்வையாளர் முன்னால் நின்று, அடுப்பு, கம்பளி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. தொலைபேசியை எடுத்து, மேலிடத்தில் யாரிடமோ எனக்காக இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டார். கேட்டார் என்ன, கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவகாசம் கிடைத்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "நன்றி கிடக்கட்டும், பிள்ளை. இந்த முறையாவது இரக்கமில்லாத ஆக்களின்ர வீடாப் பாத்து வையும்."

அப்படி ஒரு வீட்டைத்தான் பண்டாரவளை முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். போகிற வீட்டிலெல்லாம் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஈக்களைப் பார்த்து "ஐயோ பாவம்" என்கிறார்கள்.