அடுப்பூதும் துப்பாக்கி

மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்து ரயில்பாதையோரக் கோயிலில் அன்னதானம். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று; சோறு இன்னும் வேகவில்லை. மழையில் விறகெல்லாம் ஈரம். சமையற்கார மாரியக்கா பர்மியக் கைலியான லோஞ்சியை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பை ஊதுகிறார். ஊதுவது உலகப்போர்க் காலத்து ராணுவத் துப்பாக்கியின் குழலால்! துருப்பிடித்த விசைகளைக் கழற்றிவிட்டு, உதடு சுடாமலிருக்கப் பித்தளை வாய் பொருத்தியிருக்கிறார். கை சுடாமலிருக்க அதன் பழைய மரக்கட்டையையே அறுத்துப் பிடியாக மாட்டியிருக்கிறார். நாலே ஊதலில் தீ எழும்புகிறது. என்ன மூளை!

ஆசையாக வாங்கிப் பார்த்தபடி திரும்புகிறேன். குழலின் முனை பந்தியை நோக்குகிறது. அக்கா சட்டென்று அதைப் பிடித்து அடுப்புப் பக்கம் திருப்புகிறார்.

"ஆளுங்க பக்கம் நீட்டாதீங்க, தம்பி."

"இப்போ இது வெறும் ஊதுகுழல்தானே, அக்கா?"

"நமக்குத் தெரியும். அதுக்குத் தெரியணுமில்ல?"